தேயிலை வேரை நம்பிய வீடு

ஹட்டனில் நான் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் காப்புறுதிக் கட்டணம் கூடியது. "மண்சரிவ எடுத்துடுங்க தம்பி. தேயிலை வேர் புடிச்ச மல எங்க போகப்போகுது?" என்று முகவரிடம் சொல்லிக் குறைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையில், குடியிருக்கும் செல்வி டீச்சர் போன் செய்தார். "அண்ணே, மல எறங்கி குசினி ஜன்னலுக்கே வந்துருச்சு!"

ஓடினேன். தேயிலைச் செடிகளோடு ஈரமண் சமையலறையின் பின்சுவரில் சாய்ந்துகிடந்தது, களைத்த மாட்டைப்போல. இன்னொரு மழை அடித்திருந்தால் வீடே போயிருக்கும், ஒரு சதமும் கிடைத்திராது. பிள்ளைகளோடு ரோட்டில் நின்ற டீச்சர், "செவரு நிக்குதுண்ணே, நீங்கதான் ஆடுறீங்க" என்றார்.

இப்போது மண்சரிவைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். சின்னச் சேதங்களை நானே ஏற்பதாக எழுதிக்கொடுத்ததால் கட்டணமும் அவ்வளவாகக் கூடவில்லை. மழைக்கு முன்பே பின்பக்கம் கான் வெட்டி, தண்ணீருக்கு வழி விடுகிறேன். ஒழுகும் தகரத்தை என்னால் மாற்ற முடியும். இறங்கி வந்த மலையைத் தூக்கி வைக்க முடியாது.