பின் சீட்டில் இடது பக்கம்

நான் கதை எழுதுகிறவன் இல்லை. பெயர் ஜெபகுமார். போசரியில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பதினெட்டு வருஷமாக என் வேலை ஒன்றுதான்: அளப்பது, எழுதுவது, கையெழுத்துப் போடுவது. யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் "எத்தனை மில்லிமீட்டர் இருந்துச்சு?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கே இது நடந்தது. போன வருஷம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை, நல்ல மழை. மாலை 6.52-லிருந்து 7.09 வரை. நள்ளிரவு இல்லை, சுடுகாடு இல்லை. ஃபோனில் அன்றைய கால் விவரத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். நம்பாதவர்கள் நேரில் வந்து பார்க்கலாம்.

வண்டியின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஜப்பானிலிருந்து இறக்குமதியானது, ஏழு வருஷப் பழசு. நம் நாட்டில் அந்த மாடல் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஓடுகிறது. கராடியில் ஒரு புரோக்கர் மூலம் கிடைத்தது. "உங்களுக்கு எதுக்குங்க இந்த ஃபாரின் ஆசை?" என்று என் மனைவி ஸ்டெல்லா கேட்டாள். எனக்கு வீம்பு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாற்பத்தேழு விஷயங்கள் சோதித்தேன். சேஸிஸ் நம்பர் காகிதத்தோடு ஒத்துப்போகிறதா, அடியில் துரு இருக்கிறதா, ரப்பர்கள் வெடித்திருக்கின்றனவா, மீட்டர் காட்டும் கிலோமீட்டருக்கும் பெடல் தேய்மானத்துக்கும் பொருத்தம் உண்டா... எல்லாம் பார்த்தேன். ஃபேக்டரியிலிருந்து பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியைக் கூடக் கொண்டுபோனேன்; அடிபட்டு மறுபடி பெயின்ட் அடித்த இடத்தை அது காட்டிவிடும். கதவு, பானெட், டிக்கி எல்லாம் அளந்தேன். கூரையை மட்டும் அளக்கவில்லை. மழை வந்துவிட்டது.

இரண்டு விஷயம் உறுத்தியது. கார்க் கண்ணாடியின் மூலையில் அது தயாரான வருஷம் சின்னதாக அச்சடித்திருக்கும். முன்பக்கக் கண்ணாடிகளில் ஒரு வருஷம், பின்பக்கக் கண்ணாடிகளில் அடுத்த வருஷம். சீட் பெல்ட்டில் தைத்திருக்கும் துணிச் சீட்டிலும் அதே கதை. 'மாற்றியிருக்கலாம்' என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பாகத்தில் சின்னக் குறை இருந்தாலும், போகட்டும் என்று 'டீவியேஷன் ஓகே' எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். அன்றைக்கும் பழக்க தோஷத்தில் அதே இரண்டு வார்த்தை எழுதினேன். நான் போட்ட கையெழுத்துகளில் படுமோசமானது அதுதான்.

முதல் வாரமே தொடங்கியது. பின்சீட்டில் யார் பெல்ட் போட்டாலும் ஸ்டியரிங் பின்னால் ஒரு பச்சை விளக்கு எரியும். எங்கள் மகள் ஆலினாவுக்கு ஆறு வயது. அவள் எப்போதும் வலது பக்கம்தான் உட்காருவாள். வலது விளக்கு எரியும், சரி. ஆனால் சாவியைப் போட்டதுமே இடது விளக்கும் எரிந்தது. திரும்பிப் பார்த்தால் அங்கே யாரும் இல்லை, பெல்ட் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது.

டக்ளஸிடம் விட்டேன். போபோடியில் எங்கள் தெருவிலேயே கராஜ் வைத்திருப்பவன், பள்ளித் தோழன். அவன் சுவிட்சை மாற்றினான், வயரை மாற்றினான். மூன்றாம் நாள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"சென்சார் மேல தப்பு இல்ல ஜெபா. ஆளு இருக்குன்னு அது சொல்லுது. நான் என்ன பண்ண?"

இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு கண்ணாடி. மழைக்காலத்தில் கார்க் கண்ணாடி உள்ளே ஆவி படிவது சகஜம்தான். ஆனால் இந்த வண்டியில் பின்பக்க இடது கண்ணாடியில் மட்டும், ஒரு சின்ன வட்டமாகப் படிந்தது. துடைத்தால் பத்து நிமிஷத்தில் மறுபடி வரும். சீட்டிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தேன். நாற்பத்து மூன்று சென்டிமீட்டர். அப்புறம் ஆலினாவை உட்கார வைத்து அவள் வாய் இருக்கும் உயரத்தை அளந்தேன். நாற்பத்து நான்கு.

அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

ஆலினா அந்த வண்டியில் ஏறினாலே மராத்தி பேச ஆரம்பித்தாள். வீட்டில் தமிழ், வெளியே சிநேகிதர்களோடு மராத்தி என்பது இங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வழக்கம்தான். தனியாக விளையாடுகிறாள் என்று விட்டுவிட்டோம். ஒருநாள் வெயில் சுள்ளென்று அடித்தது.

"அந்தப் பக்கம் தள்ளி உக்காரு கண்ணா. வெயில் படாது."

"அங்க ஜாகா இல்லப்பா."

இடம் இல்லையாம்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அன்றே முடிவு செய்தேன். திங்கட்கிழமை கொடுப்பதாக இருந்தேன். அதற்கு முன்னால் அந்தச் சனிக்கிழமை வந்தது.

போசரியில் கூட வேலை செய்பவர் வீட்டில் பிறந்தநாள். விருந்து முடிந்து நானும் ஆலினாவும் மட்டும் கிளம்பினோம். மணி 6.52. மழை கொட்டியது. ஸ்டியரிங் பின்னால் இரண்டு பச்சை விளக்குகள். நான் அதைப் பார்க்காமல் ஓட்டினேன்.

ரயில் பாதைக்குக் கீழே போகும் சப்வேயில் தண்ணீர் தேங்கியிருந்தது. கணுக்கால் அளவுதான் இருக்கும் என்று நினைத்து இறக்கிவிட்டேன். நடுவில் என்ஜின் இருமியது. நின்றது. 6.58. முன்னால் வண்டி இல்லை. பின்னாலும் இல்லை. இரண்டு பக்கச் சரிவிலிருந்தும் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருந்தது.

நான் இறங்கினேன். முழங்கால் வரை தண்ணீர். பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பின் வலது கதவைத் திறந்தேன். ஆலினா பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கு கண்ணா. சீக்கிரம்."

"உத்ராய்ச்ச நாஹி."

இறங்கக் கூடாதாம்.

"யாரு சொன்னா?"

மெல்ல இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள்...

பெல்ட்டின் சிவப்புப் பட்டனை அழுத்தினேன். பட்டன் உள்ளே போனது. பெல்ட் விடவில்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடி. நகம் பிய்ந்தது. தண்ணீர் கதவு வழியாக உள்ளே வந்து அவள் ஷூவைத் தொட்டது. வெட்டக் கையில் ஒன்றும் இல்லை. என் பிள்ளை என் கண் முன்னாலேயே போய்விடுவாள் என்று தோன்றியது. நான் அழுதேன். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

"உத்ராய்ச்ச நாஹி... உத்ராய்ச்ச நாஹி..."

அவள் குரல்தான். ஆனால் ஒரு குரல் மட்டும் இல்லை.

7.04. ஃபோன் அடித்தது. ஸ்டெல்லா. ஸ்பீக்கரில் போட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"சப்வேல. தண்ணி ஏறுது. ஆலினா எறங்க மாட்டேங்குறா... பெல்ட் வரல..."

பிள்ளை சொல்வது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். ஸ்டெல்லா கட்கியில் நர்சரி டீச்சர். தினமும் காலையில் ஸ்கூல் வேனிலிருந்து பிள்ளைகளை இறக்குவது அவள் பொறுப்பு. பயத்தில் அந்த வேன் குரல்தான் அவளுக்கு வந்தது. மராத்தியில், கணீரென்று.

"சலா, ஸக்ளே உத்ரா! ஹாத் தரா!"

வாங்க, எல்லாரும் இறங்குங்க. கையைப் பிடிச்சுக்குங்க.

டக்.

ஆலினாவின் பெல்ட் விடுபட்டது.

பிறகு...

டக்.

இடது பக்கம்.

நான் முன்னால் பார்த்தேன். பச்சை விளக்குகள் இரண்டும் அணைந்திருந்தன.

பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டேன். தண்ணீரில் நடந்தேன். வலது கையால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இடது கையைப் பின்னால் நீட்டியிருந்தாள்.

விரல்கள் எதையோ பிடித்திருந்தன.

கனமாக இருந்தது.

நான் திரும்பவில்லை.

7.09-க்கு மேட்டில் ஏறினோம்.

மறுநாள் டக்ளஸ் வண்டியை இழுத்துக்கொண்டு போனான். உள்ளே விரித்திருந்த கார்ப்பெட்டைக் காய வைக்க உரித்தவன், வேலையைப் போட்டுவிட்டு என்னை வரச் சொன்னான். முன் சீட்டுகளுக்கு அடியில், தரையின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு வெல்டிங் கோடு. அடிப்பக்கம் தெரியாதபடி கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். கூரைத் துணியைக் கிழித்தான். அங்கேயும் அதே கோடு.

"ஜெபா, இது ஒரு வண்டி இல்ல. ரெண்டு வண்டி. அறுத்து ஒட்டிருக்கான்."

நான் சோதித்த நம்பர், காகிதம், சரித்திரம் எல்லாம் உண்மைதான். முன் பாதிக்கு. அந்த வண்டியின் பின்பக்கத்தை ஒரு லாரி நசுக்கியிருக்கிறது. அதோடு ஒட்ட, அதே மாடலில் முன்பக்கம் நசுங்கிய இன்னொரு வண்டியைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். புரோக்கர் அதற்குள் ஃபோனை அணைத்துவிட்டான்.

டக்ளஸ் விடவில்லை. பழைய வண்டிகள் உடைக்கும் இடங்களில் விசாரித்து, மூன்று வாரம் கழித்து ஒரு ஃபோன் நம்பர் வாங்கிக் கொடுத்தான். மலையில் விபத்து நடந்தால் கயிறு கட்டி இறங்குகிற மீட்புக் குழுவில் இருப்பவருடையது. கூப்பிட்டுப் பேசினேன். கொங்கண் பக்கம் இறங்கும் ஒரு மலைப்பாதையில் அந்த இரண்டாவது வண்டி பள்ளத்தில் விழுந்திருக்கிறது. மழை. இரண்டாம் நாள் மதியம்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். முன் சீட்டில் அப்பாவும் அம்மாவும் இறந்திருந்தார்கள். பின்சீட்டில் இடது பக்கம் ஐந்து வயதுப் பையன், பெல்ட் போட்டபடி. உடம்பில் ஒரு கீறல் இல்லை. உயிரோடு இருந்தான்.

"கதவு பூட்டியிருந்ததா?" என்று கேட்டேன்.

இல்லையாம். ஒரே இழுப்பில் திறந்ததாம். பத்தடி தள்ளி ஓடைத் தண்ணீர் இருந்ததாம். பையன் நினைத்திருந்தால் பெல்ட்டைக் கழற்றி இறங்கியிருக்கலாம். வா என்று கூப்பிட்டபோது அவன் சொன்னது ஒன்றுதானாம்: 'நான் சொல்லும் வரை இறங்கக் கூடாது' என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவர்களே பெல்ட்டைக் கழற்றித் தூக்கினார்கள். மேலே ஏற்றும் வழியில் கயிற்றிலேயே அவன் உயிர் போய்விட்டது.

ஸ்டெல்லாவிடம் இதில் எதையும் நான் சொல்லவில்லை. வண்டி கெட்டுவிட்டது என்று சொல்லி டக்ளஸிடமே உடைக்கக் கொடுத்துவிட்டேன். உடைக்கும் நாள் வரை இடது விளக்கு ஒருதரம்கூட எரியவில்லை என்று அவன் சொன்னான்.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்டெல்லாவே பேச்செடுத்தாள்.

"எனக்குக் கண்ணுல ஏதோ கோளாறுங்க. வேன்ல மொத்தம் பதினாலு பசங்க. நான் கூப்பிட்டு எறக்கி எண்ணினா தினமும் பதினஞ்சு வருது."

"எப்பலேர்ந்து?"

"ஜூலைலேர்ந்து. திருப்பி எண்ணினா சரியா இருக்கு."

கண் டாக்டரிடம் காட்டினோம். பார்வை நன்றாகத்தான் இருக்கிறதாம்.