செல்வி கேட்ட லீவு

ஆசிரமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கஃபேயில் பரிமாறும் செல்விக்குச் சமையல்கட்டில் வாய் மூடாது. வெளிநாட்டுக்காரர் யாராவது வந்து உட்கார்ந்தால் மட்டும், தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடிவந்துவிடுவாள்.

போன வாரம் எல்லோருக்கும் பேச்சுப் பயிற்சி வைத்தேன். "கஸ்டமர் கண்ணைப் பார்த்து நாலு வார்த்தை பேசுங்க" என்றார் பயிற்சி கொடுத்தவர். செல்வி தரையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

இன்று காலை பார்க்கிறேன், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவரிடம் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருக்கிறாள்.

"குட் மார்னிங் சார். தோசா ஓகே சார்? மை வில்லேஜ் கீழ்பென்னாத்தூர் சார். மல்லாட்டை சட்னி நம்பர் ஒன் சார்!"

வேர்க்கடலையை எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை என்றால் அவருக்கு என்ன புரியும்? ஆனாலும் அவர் சிரித்துச் சிரித்துத் தலையாட்டுகிறார். எனக்குப் புல்லரித்துவிட்டது.

உள்ளே வந்தவளிடம், "எப்படிடி இவ்ளோ தைரியம்?" என்றேன்.

"அவர் கழுத்துல அட்டை தொங்குது பாருங்கக்கா. மௌன விரதமாம். நான் தப்பாப் பேசினாலும் திருப்பி ஒரு கேள்வி கேக்க மாட்டார்ல."

ஆசிரமம் பக்கம் இத்தனை வருடம் கடை நடத்தியும் எனக்கு இந்த யோசனை வந்ததில்லை.

கிளம்பும்போது பெரியவர் ஒரு சீட்டில் எழுதி அவளிடம் நீட்டினார். நான் படித்துச் சொன்னேன்: "இன்னையோட மௌனம் முடியுதாம். நாளைக்கு வந்து உன்கூட நிறையப் பேசணுமாம்."

செல்வியின் முகம் வெளிறிவிட்டது. "அக்கா, நாளைக்கு எனக்கு லீவு வேணும்."

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பியவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். "அக்கா, மல்லாட்டைக்கு இங்கிலீஷ்ல என்னக்கா?"

லீவு கொடுக்கவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.