மாரக்காளின் ஒற்றைக் கொம்பன்

மாட்டுத் தரகன் பேச்சை நம்பாதே என்பார்கள். நம்ப வேண்டாம். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள்தான் நிற்கும். நான் சொல்லப்போவது எட்டு வருஷம் நின்ற சங்கதி.

பாலசுந்தரம் டாக்டர் ராசிபுரத்துத் தறிக்காரர் மகன். நூலுக்கு நடுவே வளர்ந்தவருக்கு மாட்டின் மேல் எப்படித்தான் ஆசை வந்ததோ! பட்டணத்தில் படித்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில் எங்கள் பக்கத்து மாட்டாஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். அப்போது கொம்புப் புற்று எங்கள் எருதுகளை வாரிக்கொண்டு போனது. முதலில் கொம்பு ஆடும், எருது தலையைச் சாய்க்கும், பிறகு மூக்கில் ரத்தம் வரும். டாக்டர் அந்தக் கொம்பை அடியோடு அறுத்து எடுப்பார். காயம் ஆறிப் போன மாடு மறுபடி ஆஸ்பத்திரிக்கு வராவிட்டால், நோட்டில் 'குணம்' என்று எழுதிவிடுவார்.

மறு வருஷம் ஜேடர்பாளையத்து மாரக்காள் வந்தாள். புருசன் போன பிறகு ஒரு சோடி எருதை வைத்துக் கிணற்றில் நீர் இறைத்து, மூன்று ஏக்கர் பூமியைக் காப்பாற்றி வந்த பொம்பளை. சோடியில் ஒன்றுக்கு டாக்டர் வலக்கொம்பை அறுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதை அடிமாட்டுக்கு விலை பேசியவன் அடியேன்தான். நோவு திரும்பினால் அடிமாட்டுக்காரனும் தொட மாட்டான் என்று பயமும் காட்டியிருந்தேன். அவள் எருதை ஓட்டிக்கொண்டு நேரே டாக்டரிடம் போனாள். வியாபாரம் கெட்டுவிடுமே என்று நானும் பின்னாலேயே போனேன்.

"ஏனுங்க, இந்த நோவு திரும்பி வருமா, வராதா? ஒரே வார்த்தை சொல்லுங்க சாமி. வராதுன்னா வெச்சுக்கறேன். வருமுன்னா இப்பவே இந்தத் தரகு அப்புசாமி கையில கவுத்தக் குடுத்தர்றேன்."

டாக்டர் பெருமையாக நோட்டைத் திறந்தார். அறுத்தது முப்பத்தோரு எருது. இருபத்தாறு குணம் என்று படித்துக் காட்டினார்.

"ஆசுபத்திரிக்கு வராததெல்லாம் பொழச்சதுங்களா, வித்துப்போட்டதுங்களா?" என்று கேட்டாள் மாரக்காள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதில் பாதியை விற்றுக் கொடுத்தவனே நான்தான் என்று வாயை விட்டேன். டாக்டர் முகம் செத்துப்போனது. நோட்டை மூடி வைத்துவிட்டு, எனக்குத் தெரியலீங்க என்றார். படித்தவர் ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சித்திரை வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லி அவளை அனுப்பினார்.

விற்ற மாடுகளைக் காட்டு என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நோட்டை வாங்கிப் பார்த்தேன். 'வெள்ளை எருது, வயது ஆறு.' அட சாமி! சந்தையில் பத்துக்கு எட்டு வெள்ளைதான். நாட்டு வைத்தியர்கள் அறுத்துவிட்ட ஒற்றைக் கொம்பன்களும் ஏராளம். குடியானவன் பிள்ளையாக இருந்தால் முதலில் சுழியை அல்லவா எழுதியிருப்பான்? நெற்றியில் எத்தனை மயிர்ச்சுழி, திமிலுக்கு முன்னாலா பின்னாலா என்று பார்க்காமல் எங்கள் பக்கம் மாடு கைமாறாது. தறிக்காரர் மகனுக்கு அது எங்கே தெரியும்! சொல்லிச் சொல்லிக் கேலி செய்தேன்.

அவர் கோபப்படவில்லை. விற்றவர் வீடு வீடாகப் போய்ச் சுழியைக் கேட்டு, சேலைக்குப் பூ வரைகிற மாதிரி கட்டம் போட்ட தாளில் வரைந்துகொண்டார். திருச்செங்கோட்டிலிருந்து தம்மம்பட்டி வரை சந்தை சந்தையாக அலைந்தோம். ஒரு சுழி பொருந்திவிட்டால் போதும், டாக்டர் குழந்தை மாதிரி குதிப்பார். என் பிழைப்பு கெட்டது. ஆனாலும் அந்த நாலு மாதம் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

இருபத்து மூன்று எருதுகளின் கதி தெரிந்தது. ஒன்பதுக்கு நோவு திரும்பியிருந்தது. அந்த ஒன்பதும் மூக்கில் ரத்தம் வந்த பிறகு அறுத்தவை.

சித்திரையில் டாக்டரே மாரக்காள் தோட்டத்துக்கு வந்தார்.

"வெச்சுக்கங்க. ரத்தம் வர்றதுக்கு முன்னாலயே அறுத்தாச்சு. இதுக்கு வராதுன்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா, தெரியுமுங்களா?"

தெரிய இன்னும் பல வருஷம் பார்க்க வேண்டும் என்றார். மாரக்காள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எருதை ஓட்டிப் போய்க் கிணற்றுக் கமலையில் பூட்டினாள்.

டாக்டர் இதையே ஆராய்ச்சி செய்யப் பட்டணம் போனார். பொங்கலுக்குப் பொங்கல் வந்து, கொம்பு இருந்த இடத்தைத் தடவிப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் மாரக்காள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எருது மட்டும் அவர் சட்டையை நக்கும்.

நாற்பத்து மூன்றில், யுத்தத்தில் காகிதமே கிடைக்காத காலத்தில், தாம் எழுதிய செங்கல் கனப் புத்தகம் ஒன்றோடு வந்தார். அதற்குத்தான் டாக்டர் பட்டம் கொடுத்தார்களாம். எனக்குச் சிரிப்பு. ஒன்பது வருஷமாக நாங்கள் டாக்டர் என்று கூப்பிட்டவருக்கு இப்போதுதான் பட்டமா!

மாரக்காளுக்கு எழுத்துத் தெரியாது. பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனவள் ஒரு படத்தில் விரலை வைத்தாள். நெற்றியில் இரண்டு சுழி, திமிலுக்குப் பின்னால் ஒன்று.

"இது நம்ம எருதுங்களே!"

அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், ஒளிப்பானேன்? கிழட்டு ஒற்றைக் கொம்பன் பின்னால் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. மாரக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தைதானுங்களே கேட்டேன். அதுக்கு இத்தனை காகிதமுங்களா?"

டாக்டர் எருதின் நெற்றியைத் தடவினார்.

"வராதுங்க," என்றார்.