பரிசலுக்கு ஒரு மெஷின்

வைகை அணையில் முருகம்மாள் இருபது வருஷமாகப் பரிசல் தள்ளினாள். துடுப்பு அவள் கையில், வலை அவள் புருஷன் ஒச்சாண்டியின் கையில். எந்த இடத்தில் வலையை விடுவது என்பது முழுக்க அவருடைய கணக்கு. அணையை ஒட்டிய குன்னூர்க் கிராமத்துப் பக்கம் கரையில் நிற்கும் ஒற்றைப் புளியமரமும் அதற்குப் பின்னால் தெரிகிற மலைமுகடும் ஒரே நேருக்கு வந்தால் ஒரு இடம், அணைக்கட்டின் விளக்குக் கம்பத்தை வைத்து இன்னொரு இடம். இப்படி நாற்பது, ஐம்பது இடங்கள் அவருக்கு மனப்பாடம்.

அந்தக் கணக்கு இல்லாமல் அங்கே பிழைக்க முடியாது. மழை பொய்த்த வருஷங்களில் அணைக்குள்ளேயே சீமைக் கருவேலம் காடாக வளரும். கரிமூட்டம் போடுகிறவர்கள் வெட்டிக்கொண்டு போவார்கள். அடிக்கட்டை மட்டும் நிற்கும். அடுத்த மழையில் தண்ணீர் ஏறி அதை மூடிவிடும். அதன் மேல் வலை விழுந்தால் கிழிசல்தான்.

இரண்டாயிரத்து ஆறில் சர்க்கரை வியாதி ஒச்சாண்டியின் கண்ணைக் கொண்டுபோனது. இனி பார்வை திரும்பாது என்று மதுரையில் டாக்டர் சொல்லிவிட்டார். ஒச்சாண்டி பத்து நாள் வீட்டில் கிடந்தார். பதினோராம் நாள் காலையில் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

“வலைய இழுக்கக் கண்ணு எதுக்கு? கை இருக்குல்ல. வா புள்ள, போவோம்.”

இழுத்தார். வலையில் சிக்கிய ஜிலேபிக் கெண்டையை முள் குத்தாமல் தடவியே எடுத்தார். ஆனால் இடம் பிடிக்க முடியவில்லை. “புளியமரம் எங்கன தெரியுது? முகட்டுக்கு வலப்பக்கமா, இடப்பக்கமா?” என்று கேட்பார். அவளும் தெரிந்ததைச் சொல்வாள். அவள் சொல்வதும் அவர் நினைப்பதும் பொருந்துவதற்குள் காற்று பரிசலைச் சுற்றிவிடும். ஒரே மாதத்தில் ஐந்து வலை கிழிந்தது.

தேனியில் டிவி, ரேடியோ ரிப்பேர் பார்க்கும் இத்ரீஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் அணைக்கு வந்து அவர்களிடம் மீன் வாங்குவார். கிழிந்த வலையைப் பார்த்துவிட்டு அவர்தான் சொன்னார்.

“அக்கா, கொச்சியில போட்டுக்காரங்க ஒரு மெஷின் வச்சிருக்காங்க. தரை எப்படி இருக்கு, எத்தனை அடி ஆழம், மீன் எங்க, எல்லாம் டிவி மாதிரி காட்டும். என் மச்சான் அங்கதான் இருக்கான். போய்ப் பாப்போமா?”

நாலு ஆட்டை விற்றாள். மூன்று பேரும் குமுளி வழியாக பஸ் பிடித்துக் கொச்சிக்குப் போனார்கள்.

இத்ரீசின் மச்சான் கூட்டிப்போன மெஷின் கடையில் கடைக்காரர் பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் பேசினார். முதலில் பெரிய கலர் மெஷினைப் போட்டுக் காட்டினார். கடல் முழுவதற்கும் அதில் மேப் இருந்தது. “ஆயிரத்து ஐந்நூறு அடி வரை காணும் சேச்சி.”

“எங்க டேம் ரொம்பினாலே எழுபத்தோரு அடிதான்,” என்றாள் முருகம்மாள். “எங்க தண்ணிய இதுல காட்டுங்க.”

அவர் மேப்பைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போனார். தேனி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மஞ்சள் நிறம்தான் இருந்தது.

“இது கடலுக்குள்ள மேப்பு,” என்று தலையைச் சொறிந்தார். “உங்களுக்கு மேப்பே வேண்டாம். இந்தச் சின்னது மதி.” சின்ன மெஷின் ஆழத்தையும் மீனையும் மட்டும் காட்டியது. விலையும் பாதிகூட இல்லை. இத்ரீசுக்கும் அதுவே போதும் என்று பட்டது.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒச்சாண்டி கேட்டார். “கட்டை இருக்கிற எடத்துல நாங்களே குறி போட்டா அது வச்சுக்கிடுமா? மறுவாட்டி அங்கன போகையில சத்தம் குடுக்குமா?”

சின்னதில் அது முடியாது. ஆனால் மூன்றாவதாக ஒன்று இருந்தது. கறுப்பு வெள்ளைத் திரை, ஆழமும் மீனும் காட்டும், மேப் கிடையாது, மேப் இருக்க வேண்டிய வெற்றுத் திரையில் நாம் வைக்கும் குறிகள் மட்டும் நிற்கும், பக்கத்தில் போனால் பீப் அடிக்கும். கடைக்காரர் ஒரு குறி வைத்து அடிக்கவிட்டுக் காட்டினார். ஒச்சாண்டியின் தலை உடனே சத்தம் வந்த பக்கம் திரும்பியது.

“இதக் குடுங்க,” என்றாள் முருகம்மாள். “அவுகளுக்கு இது கேக்குது.”

மாட்டுவது பெரும்பாடாக இருந்தது. ஆழம் பார்க்கும் கருவியைப் படகின் பின்பக்கத்தில் மாட்ட வேண்டும் என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. பரிசலுக்கு ஏது முன்பக்கம், பின்பக்கம்? இத்ரீஸ் அதை ஒரு பிவிசி குழாயின் நுனியில் பொருத்தி, குழாயைப் பரிசல் விளிம்பில் கட்டினார். பைக் பேட்டரியை பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்தார்.

முதல் வாரம் திரை முழுக்க மீன் படம் ஓடியது. அதை நம்பி வலை விட்டால் ஒன்றும் இல்லை. தண்ணீருக்குள் மிதக்கும் இலையையும் குமிழியையும்கூட மெஷின் மீன் என்று காட்டியது. முருகம்மாள் மீன் படத்தை அணைத்துவிட்டு அடித்தரைக் கோட்டை மட்டும் பார்க்கத் தொடங்கினாள். கோடு துருத்திக்கொண்டு எழும் இடத்திலெல்லாம் குறி வைத்தாள்.

ஒரு நாள் மெஷின் பீப் அடித்தது. “இது சுத்தமான தரை, எனக்குத் தெரியும், விடு,” என்றார் ஒச்சாண்டி. அவள் விட்டாள். வலை கிழிந்து வந்தது. மறுநாள் காலையில், “அது எனக்குக் கண்ணு போனதுக்கப்புறம் மொளச்ச கட்டையா இருக்கும்,” என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு துடுப்பை எடுத்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பது கோடையில் தண்ணீர் வெகுவாக இறங்கியது. அவளுடைய அறுபத்து மூன்று குறிகளில் பாதிக்கு மேல் வெளியே வந்தன. காய்ந்த சேற்றில் மெஷினையும் பேட்டரியையும் சுமந்துகொண்டு, ஒச்சாண்டியைக் கைபிடித்துக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெரும்பாலும் கருவேலங்கட்டைகள், சில பாறைகள். ஏழு இடத்தில் ஒன்றுமே இல்லை. அந்த ஏழையும் மெஷினிலிருந்து அழித்தாள். ஒரு கட்டையில் அவர்களுடைய நீல வலைத்துண்டு தொங்கியது. ஒச்சாண்டி அதைத் தடவிப் பார்த்து, முடிச்சைக் கண்டுபிடித்தார். “இது நான் போட்ட முடிச்சுதான் புள்ள,” என்று சொல்லிவிட்டு அரிவாளைக் கேட்டார்.

வெட்ட முடிந்த கட்டைகளை இருவருமாக எட்டு நாளில் வெட்டினார்கள். அந்த வருஷ மழைக்குப் பிறகு ஒரே வலை ஒன்பது மாதம் உழைத்தது. மற்ற பரிசல்காரர்கள் இப்போது முருகம்மாளின் பரிசல் போகிற பக்கமாகவே தங்கள் பரிசலையும் தள்ளுகிறார்கள். அவள் யாரையும் விரட்டுவதில்லை.