ரெண்டும் ஒண்ணா விழுதா?

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் குழாய் அக்கா. அடித்தளத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும் எஃகுக் குழாய் அவள் கட்டியது. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, குளிரவைத்த அணுக்களை விழவிட்டு அளப்பாள். "என் மருமக அவ்வளவு படிச்சிட்டு, பொருளைக் கீழ போடுற வேலை பாக்குறா" என்று மாமியார் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அணு கல் மாதிரி விழாது. அலையாகி, இரண்டு வழியாகப் பிரிந்து, மறுபடி சேரும். சேருமிடத்தில் கோடுகள் தெரியும். அவை நகர்ந்த அளவை வைத்து, விழும் வேகம் எப்படிக் கூடியது என்று சொல்லலாம். சிக்கல் என்னவென்றால், புவியீர்ப்பு அணுவைக் கீழே இழுத்தாலும், தரை அதிர்ந்து கருவி மேலே எம்பினாலும் கோடுகள் ஒரே மாதிரிதான் நகரும். அதனால் இரண்டு வகை அணுக்களைச் சேர்த்தே விழவிட்டாள். அதிர்வு இரண்டுக்கும் பொது, கழிந்துவிடும். ஈர்ப்பு ஆள் பார்த்து இழுக்கிறதா என்பது மட்டும் மிஞ்சும்.

ஒரு மழைக்காலத்தில் ஒரு வகை, துளியூண்டு முந்தி விழுந்தது.

ஆய்வுக்கூடத் தலைவருக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாடப் புத்தகத்தையே மாத்தணும்மா! உடனே அறிவிச்சிடலாம்."

"நான் இன்னும் நம்பலை, சார்."

"நீ கட்டின கருவி. உனக்கே நம்பிக்கை இல்லையா?"

"நான் கட்டினதாலதான் சார். அதோட திருட்டுத்தனம் எனக்குத்தானே தெரியும்."

அவர் முகம் சுருங்கியது. அவள் அசையவில்லை. அணுக்களைப் பிரிக்கும் லேசர் ஒளியைக் குறைத்தாள், அறையின் வெப்பத்தை மாற்றினாள். வித்தியாசம் உடும்புப் பிடியாக நின்றது. உண்மையாகவே இருந்துவிட்டால் என்று அவளுக்கும் ஆசை துளிர்த்தது. இருந்தும் குழாயைச் சுற்றிய கம்பிச் சுருளில் மின்சாரத்தைக் கூட்டிப் பார்த்தாள். வித்தியாசமும் கூடியது. ஈர்ப்புக்கு அந்தச் சுருளோடு என்ன சம்பந்தம்? சுருள் உண்டாக்கும் காந்தம்தான் ஒரு வகை அணுவைக் கூடுதலாக இழுத்திருக்கிறது.

அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு போய்த் தலைவரிடம் சொன்னாள். "அறிவிச்சிருந்தா மானம் கப்பலேறியிருக்கும்" என்றார் அவர்.

சுருளைப் பிரித்துப் புதிதாகச் சுற்றினாள். காந்தத்தைத் தடுக்கும் உறையை மாற்றினாள். மாதங்கள் போயின. பிறகு இரண்டும் ஒன்றாக விழுந்தன, அந்தக் குழாய் அதுவரை அளந்ததிலேயே மிக நுட்பமாக.

"ரெண்டும் ஒண்ணாதான் விழும்னு முன்னாடியே தெரியுமே?" என்று கேட்டார் கணவர், சாப்பிடும்போது.

"இப்ப இன்னும் ஒரு தசம இடம் வரைக்கும் தெரியும்."

"அப்புறம்?"

"அடுத்த தசம இடம்" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.