பெரியம்மாவின் கைக்குக் கொடுத்த கிறீம்

அந்தக் கிறீம் குழாயை நினைத்தால் இப்போதும் எனக்கு அருவருக்கிறது. வாலிலிருந்து சுருட்டிச் சுருட்டி, கடைசிப் பொட்டுவரை பிதுக்கப்பட்டு, பெரியம்மாவின் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பவுடர் டப்பாவோடு கிடந்தது. கைக்குப் பூசும் மருந்துக்கு அங்கே என்ன வேலை என்று நான் கேட்டிருக்க வேண்டும். முந்தலில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு நின்றவள் நான். அந்தக் குழாயைக் கொண்டுவந்து கொடுத்தவளும் நான்தான்.

நாட்டில் சண்டை முடிந்து, கண்டக்குழிக் கடற்கரையில் வெள்ளைக்காரருக்கென்று விடுதிகள் எழும்பத் தொடங்கிய காலம். பெரியம்மா அங்கே கருவாடு போட்டுப் பிழைத்தாள். உப்பிலும் மீன் குடலிலும் ஊறிய கைகளில் கரப்பான் பிடித்து, தோல் வெடித்து நீர் வடிந்தது. சிலாபத்தில் தோல் டொக்டர் கடுமையான ஸ்டெரொய்ட் கிறீம் ஒன்று எழுதினார். கைக்கு மட்டும், மெல்லிசாக, இரண்டு கிழமைக்கு, பிறகு வந்து காட்ட வேண்டும் என்று மருந்துத் துண்டில் தெளிவாகவே இருந்தது. ஒரு கிழமையில் கை ஆறிவிட்டது. பெரியம்மா திரும்பிப் போய்க் காட்டவில்லை. “பிள்ள, இன்னுமொண்டு கொண்டா” என்றாள். துண்டு இல்லாமல் எப்படி என்று நான் தயங்கியபோது கடை முதலாளி, “கேக்கிறதக் குடு, கதைக்காத” என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. மாதக்கணக்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வெயிலில் கறுத்த கை, கிறீம் பட்ட இடத்தில் மட்டும் வெளிறியிருந்ததைப் பெரியம்மா கண்டுவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் அதைப் பார்த்துப் பயந்திருப்பார்கள். அவளோ தன் மகளை, எனக்கு அக்காவை, கூப்பிட்டாள். அக்காவுக்குச் சம்பந்தம் பேசி வந்தவர்கள், பெண் கொஞ்சம் கறுப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இத்தனைக்கும் மாப்பிள்ளை படகில் போகிறவன், அடுப்புக்கரி நிறம். காலையும் மாலையும் அக்காவின் முகத்தில் பவுடருக்கு முன்னால் கிறீம் பூசினார்கள். அக்கா வெளுத்தாள். கோயிலில் பெண்கள் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். “வடிவா இருக்கிறியள் அக்கா” என்று நானும் சொன்னேன். அந்த வாயைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

மூன்றாம் மாதம் கன்னத்தில் சிவப்பு நரம்புகள் நூல் நூலாகத் தெரிந்தன. தாடையில் சீழ்ப் பருக்களும், மேலுதட்டில் முடியும் வந்தன. பயந்துபோய் ஒரே நாளில் கிறீமை நிறுத்தினார்கள். அப்படிச் சட்டென்று விட்டதாலேயே முகம் வீங்கி நெருப்பாய் எரிந்தது. பெண் வெளுத்த கதை கேட்டு, அந்தக் கிழமைதான் மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வந்தார்கள். வைத்த கேக்கை எல்லாம் தின்று முடித்துவிட்டு, இப்படி முகத்தில் நோய் பிடித்த வருத்தக்காரப் பெண் வேண்டாம் என்று வாசலில் நின்று சொன்னார்கள். சிலாபத்து டொக்டர்தான் அந்த முகத்தை மீட்டார். ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. நரம்புகள் சில இன்னும் போகவில்லை.

பிறகு அக்காவுக்கு நல்ல மனிதர் ஒருவர் வாய்த்தார், குழந்தையும் பிறந்தது. போன வருடம் அந்தக் குழந்தையின் முழங்கை மடிப்பெல்லாம் கரப்பான். சொறிந்து சொறிந்து சட்டையில் இரத்தம். டொக்டர் கொடுத்த கிறீமை அக்கா திறக்கவே இல்லை. “என்ட முகம் பட்டது காணாதா? பிள்ளைக்கும் பூசோணுமா?” என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இது குழந்தைக்கென்று கொடுத்த மெல்லிய மருந்து, பயந்து பூசாமல் விட்டால் புண்தான் பெருகும் என்று சத்தம் போட்டேன். துண்டை எடுத்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். சிவந்த இடத்துக்கு மட்டும். மெல்லிசாக. ஒரு கிழமை. பிறகு வந்து காட்டவும்.

அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அண்டைக்கு உனக்கு இதெல்லாம் வாசிக்கத் தெரியாதா தங்கச்சி?”

துண்டை மடித்து வைத்துவிட்டு, திறக்காத அந்தக் குழாயை எடுத்தேன். அவள் குழந்தையின் கையை விரித்து என் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.