ராஜமேரி வீட்டு எட்டுக்கால் பூச்சி

ராஜமேரிக்கு எட்டுக்கால் பூச்சி என்றால் முதலில் பயமே கிடையாது. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், தகரக் கொட்டகையில் தேளோடும் பூரானோடும் ஆறு வருடம் குடியிருந்தவள். பயத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் தெருதான். அதில் எனக்குப் பெரிய பங்கு உண்டு.

நான் கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். அவள் வீடு என் வீட்டுக்கு அடுத்தது. பெங்களூர்க் கொட்டகையில்தான் அவளுடைய மூத்த பையன் வயிற்றுப்போக்கில் செத்தான். அவனை அங்கேயே புதைத்துவிட்டு, சின்னவள் ஞானமேரியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தவள், இனி அந்த மண்ணை மிதிக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். புருஷன் மரியசூசை மட்டும் அங்கே இருந்தான். எண்பத்தாறாம் வருடம் கோடையில் அவன் வந்தபோது இருவருக்கும் ஒரு பேச்சு முடிந்தது. ஊரில் அவர்களுக்கு அரை ஏக்கரில் மல்பெரிச் செடி இருந்தது. அவள் தனியாக ஒரு தடவை பட்டுப்புழு வளர்த்துக் கூடு எடுத்துக் காட்டினால் அவன் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவான். முடியாவிட்டால் அவள் பிள்ளையோடு பெங்களூருக்குக் கிளம்ப வேண்டும்.

ஐப்பசியில் பட்டுப்புழு முட்டை ஒட்டிய அட்டை வாங்கினாள். முன்அறை முழுக்க மூங்கில் தட்டுகள். பின்அறையில் அடுப்பும் படுக்கையும். இரண்டுக்கும் நடுவில், நிலைக்கு மேலே ஒரே ஒரு பல்பு. சாயங்காலம் அவள் புழுக்களுக்கு மல்பெரி இலை போடும்போது பிள்ளை அதன் அடியில் விளையாடிக்கொண்டிருக்கும். புழுக்கள் நாலாவது தடவை தோலுரித்து, தின்கிற சத்தம் வாசல் வரை கேட்கிற அளவுக்கு வளர்ந்திருந்தன.

அப்போதுதான் ஞானமேரியின் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. சூட்டுக்கோலை வைத்து இழுத்த மாதிரி இருந்தது. மறுநாள் கோடு முழுக்கக் கொப்புளம். பிள்ளை எரியுது எரியுது என்று அழுதது.

“எட்டுக்கால் பூச்சி மூத்திரம் வுட்டிருக்குது” என்றாள் எதிர்வீட்டு முனியம்மாள். தெரு மொத்தமும் வந்து பார்த்து அதையே சொன்னது. நானும் பார்த்துவிட்டு, ஆமாம், அதேதான் என்றேன். எதில் படித்தேன் என்று யாரும் கேட்கவில்லை. டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அன்றிலிருந்து ராஜமேரி சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள். மூலையில் தலைகீழாகத் தொங்கி, தொட்டால் உடம்பை ஆட்டுகிற நூல்கால் பூச்சி ஒன்று. ஜன்னலில் தத்தித் தத்திப் போகிற குட்டிப் பூச்சி ஒன்று. இவை இரண்டும் இல்லை என்று அவளே தள்ளிவிட்டாள். மூன்றாவது உள்ளங்கை அகலம் இருந்தது. வயிற்றுக்கு அடியில் ஒரு வெள்ளை வட்டைக் கவ்விக்கொண்டு சுவரில் பக்கவாட்டில் ஓடியது.

“இதுதானுங்க டீச்சர். அந்த வெள்ளப் பையிலதான் வெசத்த வெச்சிருக்குது.”

அது முட்டைப்பை என்று எனக்குத் தெரியும். சொல்லவும் செய்தேன்.

“அப்ப இன்னும் நூறு வருங்களா?” என்று பயந்துபோய்க் கேட்டாள். எனக்குச் சரியாகத் தெரிந்த ஒன்றைச் சொன்னதாலும் அவளுக்கு ஒரு நன்மையும் இல்லை.

ஒட்டடைக் குச்சியை எடுத்து வீடு முழுக்க அடித்தாள். பல்பைச் சுற்றிக் குடை மாதிரி கட்டியிருந்த வலையைக்கூட விடவில்லை. வீடு பளிச்சென்று ஆனது, பிள்ளைக்குக் கொப்புளம் அதிகமானது. கையில் வந்தது, முழங்கால் மடிப்பில் வந்தது. புகை போடலாம் என்றால் புழு செத்துவிடும். மண்ணெண்ணெய் தெளிக்கலாம் என்றாலும் அதே கதைதான். எட்டுக்கால் பூச்சியைக் கொல்லுகிற எதுவும் புழுவை விட்டுவைக்காது. அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாம் நாள் கண்ணுக்குக் கீழே கோடு வந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

“ஒண்ண மண்ணுல போட்டுட்டு வந்துட்டேன் டீச்சர். இவளையும் இந்தச் சனியனுக்குக் குடுக்கச் சொல்றீங்களா?”

என் வீட்டில் எறும்புக்கு வைத்திருந்த பூச்சிமருந்துப் பவுடர் டப்பாவை எடுத்து நீட்டினேன். “அடுப்படியில மட்டும் போடு. நடுவுல செவுரு இருக்குதில்ல. ஒண்ணும் ஆவாது.”

என்னுடையது தளம் போட்ட தார்சு வீடு. சுவர் மேலே முட்டி அடைத்திருக்கும். அவளுடையது ஓட்டு வீடு. எங்கள் பக்கத்து ஓட்டு வீடுகளில் குறுக்குச் சுவர் பாதியில் நின்றுவிடும். அதற்கு மேல் ஓடு வரைக்கும் திறப்புத்தான். நான் பிறந்து வளர்ந்ததும் அப்படி ஒரு வீட்டில்தான். டப்பாவை நீட்டிய நேரத்தில் அந்த ஞாபகம் எனக்கு வரவில்லை. பெரிய பூச்சி ஒளிந்திருந்தது அந்தச் சுவரின் தலையில். என் பேச்சை நம்பி அவள் அங்கேயே கைநிறையப் போட்டாள். புழுத் தட்டுகளை முதலில் செய்தித்தாளால் மூடித்தான் வைத்தாளாம். சாயங்காலம் இலை போடுவதற்காகத் தாளை எடுத்திருக்கிறாள்.

காலையில் புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டி, பச்சையாகக் கக்கிக்கொண்டிருந்தன. இன்னும் மூன்று நாளில் கூடு கட்டியிருக்க வேண்டியவை. ராஜமேரி ஏதாவது ஒரு தட்டில் இலை தின்கிற சத்தம் கேட்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து காதை வைத்துப் பார்த்தாள். நான் வாசலில் நின்றேன். 

பிள்ளைக்கு ஒரு கண் மூடிக்கொண்டது. செத்துக் கிடந்த பெரிய பூச்சியை ஒரு பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு தருமபுரிக்குப் பஸ் ஏறினாள். நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

டாக்டர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுவா பண்ணுச்சுன்னு சொன்னாங்க? இது கரப்பான் பூச்சியப் புடிச்சுத் தின்னுட்டு அதுபாட்டுக்குக் கெடக்கும்மா. எட்டுக்கால் பூச்சி மூத்திரத்துல இப்படி ஆகாது.”

எறும்பு மாதிரி, சிவப்பும் கறுப்புமாகப் பட்டை போட்ட ஒரு சின்னப் பூச்சி மழைக்காலத்தில் வெளிச்சத்துக்கு வருமாம். மேலே உட்கார்ந்ததைப் பிள்ளை தேய்த்துவிட்டால், நசுங்கி அதன் நீர் பட்ட இடமெல்லாம் வெந்துவிடுமாம். பத்து நாளில் ஆறிவிடும், கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று மருந்து எழுதிக் கொடுத்தார்.

“பல்புகிட்ட இருந்த வலையில அந்தப் பூச்சிங்கதான் செத்து ஒட்டிக்கிட்டு இருந்துச்சுங்க” என்று ராஜமேரி பஸ்ஸில் சொன்னாள். 

நாலு நாள் கழித்து மரியசூசை வந்தான். கொல்லையில் புழுக்களைப் புதைத்த குழியைப் போய்ப் பார்த்தான்.

“எவன் உன்னைப் பவுடர் போடச் சொன்னது?”

நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். வாயைத் திறந்தால் போதும்.

“யாரும் சொல்லலீங்க. எனக்கேதான் தோணுச்சு” என்றாள் ராஜமேரி.

“பவுடர் ஏது?”

“கடையில வாங்குனேன்.”

அவன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். “துணிமணியெல்லாம் கட்டு” என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ராஜமேரி என்னிடம் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஏன் என் பேரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்க மேல இருக்கிற மரியாதைங்க டீச்சர் என்பாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

“சொன்னா அவரு உங்ககிட்டச் சண்டைக்கு வருவாருங்க. அப்புறம் வூட்டுச் சாவிய யாருகிட்டக் குடுத்துட்டுப் போறது?”

சாவியைக் கையில் வைத்தாள். வாங்கிக்கொண்டேன். ரோட்டில் மூட்டையோடு நின்றிருந்த மரியசூசை, வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை நோக்கிக் கும்பிட்டான். நானும் கும்பிட்டேன்.